சிவப்பு ஒயரில் என் போன்

தண்ணீர் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டில் ஃபேன்கூடச் சுற்றக் கூடாது. கோடை வந்தால் பேகம்பூரில் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மோட்டார் சுவிட்சைத் தொடுவோம். தெரு முழுக்க இதே வழக்கம்தான். என் வீட்டுக்காரர் முகமது யாசின் மட்டும் ஒரு படி மேலே போய், நான் சார்ஜ் போட்ட போனையும் பிடுங்கிவிடுவார். எத்தனை சண்டை போட்டும் திருந்தாத மனுஷன்.

நான் தோல் பர்ஸ்களில் மைப் பேனாவால் பூங்கொடி வரைகிறவள். போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பேனா பிடிக்கும் பலம் மட்டும் திரும்பவில்லை. கோடு போட ஆரம்பித்ததும் விரல் நடுங்கும். பர்ஸ் தைக்க ஆள் கிடைக்கும், என் கொடிக்கு நான் எங்கே போவேன்? பஸ் ஸ்டாண்டு பக்கம் பை கடை வைத்திருக்கும் மஹ்ஜபீன் அக்கா, "இனிமே பிரிண்ட் போட்ட பர்ஸே வாங்கிக்கிறேன் ருக்ஸார், மனசுல வச்சுக்காத" என்று சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாசினுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. ஆறுதல் சொல்ல வாய் வராது. கடையில் கிடந்த பழைய பிரிண்டர்களைக் கழற்றி மோட்டார்களை எடுத்தார். ஸ்டெப்பர் மோட்டார் என்றார். நூல் நூலாகத் திரும்பி, சொன்ன இடத்தில் நிற்குமாம். ஒன்று பேனாவைப் பக்கவாட்டில் நகர்த்த, இன்னொன்று தோலை முன்னும் பின்னும் இழுக்க. அவற்றுக்குக் கரன்ட் கொடுக்க, செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரின் பவர் சப்ளை டப்பா. பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு சேர்த்ததும் டப்பாவின் ஃபேன் சுற்றியது. மஞ்சள் ஒயர் மோட்டார்களுக்குப் போனது. சும்மா கிடந்த சிவப்பு ஒயரில், என் நச்சரிப்புத் தாங்காமல், போன் சார்ஜ் போட ஓர் இடம் வைத்துக் கொடுத்தார். என் பழைய பர்ஸ் ஒன்றைப் போட்டோ எடுத்து, அதிலிருந்த கொடியை மெஷினுக்குப் புரிகிற கோடுகளாக மாற்றினார்.

மெஷின் சில நேரம் நன்றாக வரையும், சில நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிடும். நின்றால் வோல்டேஜைத் திட்டுவார். மெஷின் நின்றால் என் கொடியும் அதோடு நின்ற மாதிரிதான்.

மெஷின் வரைவதைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கச் சொல்லி மஹ்ஜபீன் அக்காவைக் கூப்பிட்டேன். மாலை அசர் தொழுகை முடிந்து வந்தார். யாசின் பரபரவென்று வீட்டையே அணைத்தார். ஃபேன் போச்சு, ஃபிரிட்ஜ் போச்சு. கடைசியில் நான் அப்போதுதான் சிவப்பு ஒயரில் சொருகிய என் போனையும் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

"மெஷினுக்குப் போற கரன்ட்ட இது திங்குது புள்ள."

மெஷின் கிளம்பியது. அரை இலை வரைந்தது. உறுமியது. நின்றது. மறுபடி போட்டார், தண்டிலேயே நின்றது. வேர்த்து ஊற்றியது எங்கள் மூவருக்கும். அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு எழுந்தார்.

"பரவாயில்லம்மா. இன்னொரு நாளைக்கு வாரேன்."

அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும். "செத்த இருங்கக்கா, என் பழைய டிசைனெல்லாம் போன்ல இருக்கு, அதையாவது பாத்துட்டுப் போங்க" என்றேன். போனில் உயிரில்லை. அதைத் திரும்பச் சிவப்பு ஒயரில் சொருகினேன்.

"ஏய், எடு அத!" என்றார் யாசின்.

"நிக்கிற மெஷினுக்கு எதுக்குங்க இம்புட்டுப் பத்தியம்?" என்று கத்தினேன். அக்கா இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

யாசின் கோபத்தில் புதுத் தோலை வைத்து மறுபடி சுவிட்சைத் தட்டினார். மெஷின் ஓடியது. இலை முடிந்தது, அடுத்த இலை, ஒரு மொட்டு. உறுமலே இல்லை. யாசின் மெதுவாக என் போனை உருவினார். உடனே உறுமல். சொருகினார். ஓடியது.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அட என் புத்தியே! இது பழைய கம்ப்யூட்டர் டப்பால்ல, செவப்பப் பாத்துத்தான் மஞ்சளுக்கும் அளந்து விடும். செவப்பு ஒயர்லயும் ஏதாச்சும் கரன்ட் இழுக்கணும். இல்லாட்டி மஞ்சள்ல வர்ற கரன்ட்டும் எறங்கிப் போயிரும். எம்புட்டு நாளா உன் போனப் புடுங்கிப் புடுங்கி நானே நிறுத்தியிருக்கேன்!"

"நாஞ் சொன்னா எங்க கேக்குறீங்க" என்றேன். நான் அப்படி எதுவும் சொன்னதில்லைதான். இருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பை விட முடியுமா?

போனில் சார்ஜ் முழுக்க ஏறிவிட்டால் அது கரன்ட் இழுப்பது குறைந்துவிடுமாம். அதனால் மறுநாளே பழைய மொபெட் பல்பு ஒன்றைச் சிவப்பு ஒயரில் நிரந்தரமாக மாட்டிவிட்டார். ஆனால் அன்று சாயங்காலம் கொடியை முடித்தது என் போன்தான்.

அக்கா தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கொடி முடிகிற இடத்தில் நான் எப்போதும் ஒரு சின்னச் சுருள் போடுவேன். அதன் மேல் விரலை வைத்தார்.

"இது உங் கைதான் ருக்ஸார். பிரிண்ட் எனக்கு வேணாம். ஆனா இது பழசு. புதுசா ஒண்ணு போட்டுத் தருவியா?"

மெஷினில் அடுத்த தோல் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் கழற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்து, அதன் திரையில் இடது விரலால் ஓர் இலையை வரைந்தேன். கோணலாகத்தான் வந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.