பாலன் விட்ட குறட்டை

பாலன் செத்துப்போன பிறகு விட்ட குறட்டையில் தெங்கேராக் கடற்கரையில் கட்டிக் கிடந்த சம்பான் படகுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சுமத்திரா வரைக்கும் போய்த் திரும்பின. ஒன்றில் டுரியான் பழம்கூட இருந்தது. ஊரின் பெயர் காஜா பெராங், மலாயில் சினங்கொண்ட யானை. அந்தக் குறட்டையால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பெயர் அதற்கும் எத்தனையோ வருஷம் மூத்தது என்பதையெல்லாம் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. எனக்குக் கேட்கவே இல்லை என்று சாதித்தவர் ஊரில் ஒரே ஒருவர், எதிர்வீட்டு போலீஸ் கார்ப்பரல் மாணிக்கவாசகம்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனவர்களில் உயிரோடு திரும்பியவன் பாலன். ஆறாத காலோடு வந்தான், வலிக்கு அபின் சாப்பிடப் பழகினான். அபின் கடைகளைச் சட்டம் மூடிய பிறகு திருட்டுச் சரக்கைக் கோப்பியில் கரைத்துக் குடித்தான். அதன் காட்டம் எவ்வளவு என்று விற்றவனுக்கே தெரியாது. அவனுடைய அக்காள் சாரதாம்பாள் தமிழ்ப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அபின் சாவுகளைத் தடுக்க வழி தேடிய கோலாலம்பூர் கமிட்டி ஒன்றில் ஆய்வாளராகச் சேர்ந்தார். நாட்டுக்காகச் சேர்ந்ததாகச் சொன்னார். தம்பிக்காகத்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

பத்து பெரெண்டாம் கிராமத்திலிருந்து செமாபோக் வரைக்கும் இழவு வீடுகளாகப் பார்த்து சைக்கிள் மிதித்தார். கடைசி மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் அவர் கேள்வி. தமிழர் வீடோ சீனர் வீடோ, எல்லா இடத்திலும் ஒரே பதில். “நல்லா குறட்டை விட்டுத் தூங்கினாரு டீச்சர். வலியில கண்ணே மூடாத மனுசன், எழுப்ப மனசு வரல.” பிள்ளைகளை வெளியே அனுப்பி, கோழியை விரட்டி, கதவைச் சாத்தி, சாவுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது தூக்கமில்லை, மூச்சு அடைபடுகிற சத்தம் என்று சாரதாம்பாளுக்குப் புரிந்த அன்று, அவர் அழவில்லை. சைக்கிள் அழுதது, வீடு வரைக்கும் சங்கிலியிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட. விஷயம் தெரிந்த வீடுகளும் இருந்தன. அவர்களும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவில்லை. போனால் போலீஸ்காரர்கள் தூக்கி வந்தவனையும் சேர்த்து உள்ளே வைத்தார்கள்.

அவருடைய அறிக்கையைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை கனம். சாரம் என்னவோ கொஞ்சம்தான்: குறட்டை விடுகிறவனை எழுப்புங்கள், எழாவிட்டால் கொண்டுவாருங்கள்; கொண்டுவருகிறவனைப் பிடிக்காதீர்கள். எழுப்புவதற்குக் கமிட்டி தலையாட்டியது. பிடிக்காமல் விடுவதற்கு, மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரட்டும், பார்க்கலாம் என்றது. அந்த வருஷம் சாக்கடை அடைப்புக்கும் அதுதான் பதில்.

மெர்டேக்காவுக்கு முந்தின வாரம், கொண்டுவருகிறவனைப் பிடிக்கக் கூடாது என்று வாதாட சாரதாம்பாள் கோலாலம்பூர் போயிருந்த நாளில், பாலன் குறட்டை விட்டான். அவன் பெண்சாதி அஞ்சலைக்கு நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உலுக்கினாள், தண்ணீர் அடித்தாள். அவன் எழவில்லை. டிரைஷா வண்டி பிடிக்க வாசலுக்கு ஓடினாள். எதிர்வாசலில் மாணிக்கவாசகம், இஸ்திரி போட்ட சீருடையில், அணிவகுப்புக்காக பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அஞ்சலை, முகம் வெளுத்திருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க. அவரு தூங்குறாரு.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாலனைப் புதைத்தார்கள். குறட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. ஓடுகள் நகர்ந்தன, பக்கத்துத் தெருவில் பால் திரிந்தது. அடுத்த வீட்டு அம்மாள் மீனாச்சி, தலைமுறைகளாக மலாய் பேசும் சிட்டித் தமிழர் வம்சம். அவருக்குத் தமிழ் வராது, வேலியோரம் நின்று, “பெலும் பாங்குன் லாகி?” என்பார், இன்னும் எழவில்லையா என்று. அஞ்சலை இல்லையென்று தலையசைப்பாள். “லோரி சத்தம்,” என்றார் மாணிக்கவாசகம். லோரி போகாத நேரத்தில் தவளை என்றார்.

“கண்ணு முன்னால உடுப்போட நின்னாரு அண்ணி,” என்றாள் அஞ்சலை. “வாய் வரல.” ஊரெல்லாம் போய்க் கேட்ட கேள்வியை அந்த வீட்டில் மட்டும் சாரதாம்பாள் கேட்கவே இல்லை.

குறட்டையில் ஒரு பங்கைப் பிஸ்கட் டின்னில் அடைத்து, தம்பின் ஸ்டேஷனில் கோலாலம்பூருக்கு ரயிலேறினார். போகிற வழியெல்லாம் சத்தம் கேட்டவர்கள் பக்கத்தில் தூங்குகிறவனை உலுக்கி எழுப்பினார்கள். எழுப்ப ஆள் கிடைக்காத எஞ்சின் டிரைவர் எஞ்சினையே உலுக்கினார். கமிட்டி அறையில் டின்னைத் திறந்ததும் தலைவர் கண்ணயர்ந்திருந்த உறுப்பினரை உலுக்கினார், உறுப்பினர் சுவர்க்கடிகாரத்தை உலுக்கினார். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, டின்னுக்கு அரசாங்க முத்திரை இல்லாததால் அது சாட்சியமாகாது என்று தீர்மானித்தார்கள்.

வருஷங்கள் போயின. புதுக் கொடி பழகிவிட்டது. சட்டம் வரவில்லை. அஞ்சலை குறட்டையைச் சுற்றிப் பெருக்கக் கற்றுக்கொண்டாள். மாணிக்கவாசகத்தின் மருமகன் தேவதாஸ் அதே சரக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுவும் மாமனாருக்கு மட்டும் தெரியாது. ஒரு நண்பகலில் பாலனின் குறட்டை எழுந்து, ரோட்டைக் கடந்து, வந்த மொரிஸ் காருக்கு வழிவிட்டு, கார்ப்பரல் வீட்டுப் பின்னறைக் கதவை இடித்தது. லோரி என்று சொல்ல மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார். கதவை உதைத்தார். உள்ளே தேவதாஸ் உதடு நீலம் பாரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் நின்ற சின்னப் போலீஸ்காரன், “யார் கொண்டாந்தது?” என்றான்.

“நான்தான்டா. பிடிக்கிறதா இருந்தா என்னைப் பிடி.”

பையன் சல்யூட் அடித்து வழிவிட்டான். தேவதாஸ் பிழைத்தான். அதற்கப்புறம் அந்த வாசலில் தூக்கி வந்தவர் யாரையும் பிடிக்கவில்லை. எழுத்தில் ஒரு உத்தரவும் கிடையாது.

அன்று சாயங்காலம் மாணிக்கவாசகம் ரோட்டைக் கடந்து வந்து, பாலன் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே குறட்டை, திரும்பி வந்து, வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. அஞ்சலை நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“கேக்குது அஞ்சலை,” என்றார். “அன்னிக்கு நான் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தப்பவும் கேட்டுச்சு.”