யாரோடதும் இல்லாத நாற்காலி

துணி அலமாரி வாங்கத்தான் இருவரும் அந்தக் கடைக்குப் போனார்கள். வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்ட மகளின் அறையில் இருந்த பழைய அலமாரியைக் கரையான் அரித்துவிட்டது. இரண்டாம் மாடியில் அவள் ஒவ்வொரு அலமாரியாகக் கதவைத் திறந்து மூடி, கீல் முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் கணவரைக் காணோம்.

கடையில் அவரைத் தேட வேண்டிய நிலை அதுவரை வந்ததில்லை. இருபத்திரண்டு வருடங்களாக அவளுக்கு இரண்டடி பின்னால் பையைச் சுமந்துகொண்டு நிற்பார். இது நன்றாக இருக்கிறதா என்றால் 'சரி' என்பார். அது எப்படி என்றால் அதற்கும் 'சரி'. அவளுடைய அக்கா பிள்ளைகள் அவருக்கு 'சரி சித்தப்பா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது அவர் வேலை. யார் யாருடைய எல்லைக்கோ நூல் பிசகாமல் கோடு போட்டுக் கொடுக்கிறவர், சொந்த வீட்டில் தனக்கென்று ஒரு மூலையைக் கேட்டதில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தது போக மிச்சமிருக்கும் இடத்தில் உட்காருவார்.

மாடியின் கோடியில், 'அந்தக் காலத்து வீடு' என்று பலகை மாட்டிய இடத்தில் அவரைக் கண்டுபிடித்தாள். கூரை இல்லாமல் மூன்று சுவர் மட்டும் எழுப்பி, அறுபது வருடத்துக்கு முந்தைய கூடம் போல ஜோடித்திருந்தார்கள். சுவரில் சூரியக் கதிர்கள் விரிந்தாற்போல ஒரு கடிகாரம். முக்காலியில் நிற்கும் விளக்கு. வானொலிப் பெட்டியின் முகமூடி போட்டுக்கொண்ட ஒலிபெருக்கி. எல்லாமே போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுச் சரக்கு. நடுவில், கால்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்த, மங்கிய மஞ்சள் துணி போர்த்திய ஒரு நாற்காலி. அதில் அவர் முதுகு முழுவதும் பதியச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டை விரல் மரக்கையின் வளைவை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிடவில்லை. ஒரு புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தாள். விற்பனைப் பெண் வந்ததும் அவர் என்ன மரம், கால் ஏன் இத்தனை சாய்வு, திருகாணி போட்டதா பசையால் ஒட்டியதா என்று வரிசையாகக் கேட்டார். மகளைக் கல்லூரியில் சேர்த்தபோதுகூட அந்த மனிதர் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

மருத்துவமனை மருந்தகத்தில் டாக்டர்களின் கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன மருந்து என்று துப்புத் துலக்குவது அவள் தினசரி செய்யும் வேலை. அந்தக் கை பரபரத்தது. எதிரில் போய் நின்று விசாரணையைத் தொடங்கினாள். சின்ன வயதில் பெரியப்பா வீட்டில் இப்படி ஒன்று இருந்ததா? தலைமை ஆசிரியர் அறையிலா? ஏதாவது சினிமாவில் பார்த்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கு ஆர்வம் இன்னும் கூடிப்போனது. பிறகு எதற்காக இது?

அவர் மரக்கையைத் தட்டிக் காட்டினார். "பழசு மாதிரி இருக்கு. ஆனா யாரோடதும் இல்ல," என்றார். "இதுல உட்கார்ந்தா எனக்கு யார் ஞாபகமும் வரல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டைக் கண்முன் கொண்டுவந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசை அவள் அப்பா கொடுத்தது. அதில் காபிக் கறை விழுந்தால் அவள் முகம் போகிற போக்கை அவர் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார். கட்டில் அவர் அண்ணன் வீடு மாறியபோது தள்ளிவிட்டது. கரையான் தின்ற அலமாரி அவர் அம்மாவுடையது. கூடத்துச் சோபா அக்கா புதிது வாங்கியபோது வந்தது. காசு மிச்சம் என்று அவள்தான் ஒவ்வொன்றையும் சந்தோஷமாக உள்ளே கொண்டுவந்தாள். யாரோ ஒருவர் மடியில் உட்காருவது போலவே அவர் இத்தனை காலம் உட்கார்ந்து எழுந்திருக்கிறார் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

தள்ளிப் போய் மகளுக்குப் போன் போட்டாள். அப்பாவுக்கு ஒரு நாற்காலி வேண்டுமாம் என்றாள்.

"எங்க அப்பாவா? அவரே கேட்டாரா?"

"வாய் விட்டுக் கேக்கல. ஆனா எந்திரிக்கல."

"அப்போ பேசாம வாங்கிடும்மா. என் துணியெல்லாம் பெட்டியிலயே கிடக்கட்டும்," என்றாள் மகள்.

அவள் திரும்பி வருவதற்குள் அவர் எழுந்துவிட்டிருந்தார். துணியில் விழுந்த சுருக்கத்தை நீவி, யாரும் உட்காரவில்லை என்பது போல ஆக்கிவைத்திருந்தார். முகம் பழையபடி ஆகிவிட்டது. "வா, அலமாரி பாக்கலாம்," என்றார். அவள் அந்த நீவிய துணியைப் பார்த்தாள். இப்படி எத்தனை இடத்தில் எழுந்து, எதை எதை நீவிவிட்டு அவள் பின்னால் வந்திருக்கிறாரோ.

"உட்காருங்க," என்றாள். "நான் பில் போடச் சொல்லிட்டு வரேன்."

அவர் உட்காராமல் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, முதலில் ஒரு கையை ஊன்றி, உட்கார்ந்தார்.

விற்பனைப் பெண் கெட்டிக்காரி. இந்த நாற்காலியைத் தனியாகப் போட்டால் கூடம் மொட்டையாக இருக்கும், ஜோடியாகப் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று பேச்சை வளர்த்தாள். இன்னொன்றை வேறு துணியில் செய்துதரவும் முடியுமாம். "உங்களுக்குன்னா என்ன கலர் மேடம் பிடிக்கும்?"

அவள் மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். இதுநாள்வரை அழுக்குத் தெரியாத நிறம், மகளுக்குப் பொருந்தும் நிறம், அடித்துத் துவைத்தால் வெளுக்காத நிறம் என்று பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். பிடித்த நிறம் என்று ஒன்று தனக்கு இருந்ததா, இருந்து தொலைந்துபோனதா என்று யோசித்தாள். அவமானமாக இல்லை. தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினாற்போல ஒரு வேடிக்கையான திகைப்புதான் இருந்தது.

விற்பனைப் பெண், துணித் துண்டுகள் தைத்த தடிமனான புத்தகம் ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். பச்சையில் மட்டுமே ஒன்பது பக்கம். கடையின் குழல்விளக்கில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, வெயில் விழும் ஜன்னலோரம் போனாள். "எது?" என்று பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"இருங்க, பாக்கறேன்," என்றாள். ஒரு துண்டின்மேல் உள்ளங்கையை விரித்துவைத்து, மெல்ல எடுத்துப் பார்த்தாள். பிறகு அடுத்ததைப் புரட்டினாள்.