சனிக்கிழமை விருந்தாளி

ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மலையடிவாரத்தில் ஆடு வளர்த்த ஷெர்காசிக்கு ஒரே மகள், அக்மரல். தாய் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் நாரின் நகரத்தில் என்பதால் வார நாட்களில் குழந்தை அத்தை புருல்சுன் வீட்டில் இருந்தாள். வெள்ளி சாயங்காலம் வேனில் அப்பாவிடம் வருவாள், ஞாயிறு திரும்பிவிடுவாள்.

அத்தை வீட்டில் கிடைத்தது கஞ்சியும் நூடுல்ஸ் சூப்பும் முந்தாநாள் ரொட்டியும். எல்லாவற்றையும் வழித்து நக்குவாள். அப்பா வீட்டில் சனிக்கிழமைதோறும் ஓர் ஆடு விழுந்தது. அங்கேதான் அவள் சாப்பிடவில்லை.

வாரமெல்லாம் காத்திருந்து வரும் பிள்ளையை வெறும் மகளாக வரவேற்க ஷெர்காசிக்கு மனம் வரவில்லை. வாசலுக்கு எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு உட்கார வைத்தான். வேகவைத்த ஆட்டுத் தலையை, ஊர்ப் பெரியவருக்கு வைப்பதுபோல, அவள் முன்னால் வைத்தான். அக்மரல் விருந்தாளிக்குரிய முறை தெரிந்தவள். ஒரு காதை அறுத்து அப்பாவிடம் நீட்டுவாள். தான் ஒரு துண்டு மட்டும் வாயில் போடுவாள். பிறகு உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி ஆசி சொல்வாள்.

"உங்க மந்தை பெருகட்டும்."

மந்தை கரைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வேன் சத்தம் கேட்டதும் ஆடுகள் நாயின் பின்னால் போய் ஒளிந்தன. ஒரு கிழட்டுக் கடா நொண்டுவதுபோல் நடித்தே மூன்று வாரம் தப்பியது. மிஞ்சிய கொழுப்பைத் தின்று தின்று நாய்க்குக் குரைக்க மூச்சில்லை. ஓநாய் வந்தால் இருமும்.

ஒரு திங்கட்கிழமை அக்கா புருல்சுன் போன் செய்தாள்.

"ஏன்டா, புள்ளய பட்டினி போடறியா? வந்ததும் வராததுமா சட்டியக் கவுத்துத் தின்னுது."

"ஆட்டையே வெட்டிப் போடறேன்க்கா."

"ஆட்ட வெட்டினியோ ஒட்டகத்த வெட்டினியோ. வர்ற ஞாயித்துக்கிழம நானே வர்றேன். அப்பவும் வயிறு ஒட்டிக் கெடந்தா, இனிமே சனி ஞாயிறும் என்கிட்டதான்."

ஷெர்காசி போனை வைத்தான். மகள் வராத வெள்ளிக்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பட்டியில் மிச்சமிருந்தது அந்தக் கடா ஒன்றுதான். கத்தியோடு போனான். அது துளியும் நொண்டாமல் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மந்தையில் சேர்ந்துகொண்டது.

விருந்துக்கு ஒன்றுமில்லை. அவன் மெத்தையும் போடவில்லை. அடுப்போரம் குந்தி உருளைக்கிழங்கு வறுக்கத் தொடங்கினான்.

"அடுப்புக்கு எரு தீந்துபோச்சு, போய் ரெண்டு அள்ளிட்டு வா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். விருந்தாளியை யாராவது வேலை ஏவுவார்களா?

அக்மரல் அதற்குள் ஓடிவிட்டாள். பாவாடை நிறைய எருவைக் கொண்டுவந்து கொட்டினாள். சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பே இல்ல."

"நீயே போடு."

போட்டாள். மூக்கில் கரியோடு, சட்டியிலேயே கையை விட்டுத் தின்றாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் விருந்தாளி இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப அடியில ஒட்டினதெல்லாம் எனக்கு."

ஷெர்காசி சட்டியை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் சுரண்டி முடிக்கும்வரை கையை மாற்றவில்லை.

ஞாயிறு புருல்சுன் வந்தாள். தர்பூசணி வாங்குகிறவளைப்போல் குழந்தையின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"சரி, வெள்ளிக்கிழம வேன்ல ஏத்தி விடறேன்" என்றாள். "ஆனா மூஞ்சியக் கழுவி அனுப்புடா."

ரொட்டியின் மேல் வைத்த கையை இப்போது எடுத்துவிட்டேன்: ஷெர்காசிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.