இரண்டு காது முடிச்சு

எங்கள் சலவைக் கடையில் துணியை வாங்குவது நான். திருப்பிக் கொடுப்பது என் வீட்டுக்காரர். பதினெட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. முன்வாசல் மேஜை எனக்கு, பக்கவாட்டு ஜன்னல் அவருக்கு, நடுவில் ஒரு திரை.

வருகிறவர் துணியை நீட்டுவார். நான் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஓர் இழு இழுப்பேன். பிறகு பொத்தான் துளையில் ஒரு நூல் கட்டுவேன். வியர்வை என்றால் சிவப்பு; அது வினிகரில் ஊற வேண்டும். புகை என்றால் நீலம். ஒரு நாள் முழுக்க மாடியில் காற்றாடிய பிறகுதான் தண்ணீர் பார்க்கும். சமையல் எண்ணெய் என்றால் மஞ்சள், அதற்கு வெந்நீர். நூல் மாறிவிட்டால் கதை கந்தல். வாடை போகாத துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டால், அந்த வாடை துணியோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும்.

தெருவில் எனக்கு ‘மோப்பக்கா’ என்று பெயர். நான் என்ன நாயா என்று ஆரம்பத்தில் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடைக்கே வழி கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்ட மூக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு நின்றுவிட்டது. முதலில் அடைப்பு, பிறகு தலைவலி, பிறகு ஒரு நாள் எந்த வாடையும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மோப்பக்காவுக்கு மோப்பம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த மேஜைக்குப் பின்னால் எனக்கு என்ன வேலை?

ஆகவே நடித்தேன். கண்ணை மூடுவது, இழுப்பது எல்லாம் பழையபடிதான். ஆனால் மூடுவதற்கு முன்னால் காலரைப் பார்ப்பேன், பைக்குள் விரலை விட்டுத் தூள் இருக்கிறதா என்று தடவுவேன், கொண்டுவந்தவரின் நகத்தைப் பார்ப்பேன். "நேத்து வெயில்ல ரொம்ப அலைஞ்சீங்களோ?" என்று போட்டு வாங்குவேன். பிறகு நூலைக் கட்டுவேன். இரண்டு வருஷத்தில் ஒரு புகார் வரவில்லை. மூக்கே இல்லாமல் மூக்கு வேலை பார்க்கிறேன் என்றால் என் மூளை எப்படிப்பட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கடைசியில் தலைவலியைச் சாக்காக வைத்து மூக்கு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு பக்கமும் சதை வளர்ந்து கொத்துக் கொத்தாக அடைத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்மா. மூச்சு நல்லா வரும், தலைவலி குறையும்."

"வாசனை வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். அதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வெளியே குடையோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம், "தலைவலிக்காகத்தான் பண்றாங்களாம். குறட்டையும் நிக்குமாம்" என்றேன். நல்லது என்றார். அவர் எதற்குமே அவ்வளவுதான் பேசுவார். எனக்குத் தலைவலியைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு என் மூக்கு வேண்டும். அது வராவிட்டால் சாகிற வரைக்கும் அந்த மேஜையில் நான் ஒரு போலி.

இரண்டு வாரத்துக்கு முன்பே வழக்கமான வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அதைப் போட்டால் ரத்தம் உறையாதாம். தலைவலியும் நானுமாக இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு கிடந்தோம். இந்த நேரம் பார்த்து, கடையைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் வந்து இறங்கினாள். வீட்டுக்காரரின் தங்கை. அவள் வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே அவள் குரல் வந்துவிடும்.

"அண்ணி, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. மோந்து பாக்குறதெல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்கும் மூக்கு இருக்குல்ல?"

அதுதானே என் கவலையே.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போட்டு இருபது வருஷம். திருகாணி சதையோடு உறவாடிக்கொண்டிருந்தது. நாத்தனார் என் தலையை அக்குளில் இடுக்கிக்கொள்ள, வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரும் குறடுமாக முக்கால் மணி நேரம் போராடினார். "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டே உயிரை வாங்கினார். கடைசியில் வந்துவிட்டது. அதை ஒரு காகிதத்தில் மடித்து நூலால் கட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கட்டினால் கட்டினதுதான். வீடு மாறும்போது மெத்தையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் முடிச்சை ஒன்பது வருஷமாகியும் எங்களால் அவிழ்க்க முடியவில்லை; கத்தரிக்கோலால் வெட்டினோம். நான் அப்படி இல்லை. என் முடிச்சுக்கு இரண்டு காது இருக்கும். ஒரு காதைப் பிடித்து இழுத்தால் பூப்போல அவிழும்.

மறுநாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மேஜையில் படுக்கவைத்து, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். மூன்று வரை ஞாபகம் இருக்கிறது. முழித்தபோது இரண்டு மூக்கிலும் பஞ்சு, மீசை மாதிரி ஒரு கட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"மயக்கத்துல நிறைய பேசினீங்கம்மா" என்று சிரித்தாள்.

"என்ன பேசினேன்?"

"'அவ என் நூல் பெட்டியைத் தொடக்கூடாது'ன்னு அஞ்சாறு தடவை சொன்னீங்க."

நல்லவேளை, ரகசியம் தப்பித்தது.

எங்கள் வீடு கடைக்கு மேலேதான். மூன்று தலையணையைச் சாய்த்து என்னை உட்காரவும் படுக்கவும் விடாத ஒரு நிலையில் வைத்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இதையெல்லாம் நாத்தனார் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். எனக்கு மூக்கு லேசாக அரித்தாலே போதும், கீழ்ப்படியில் நிற்கிறவள், "வாயத் திறங்க அண்ணி! வாயத் திறங்க!" என்று கத்துவாள். தெருவே வாயைத் திறந்துகொள்ளும்.

இரண்டாம் நாள் பஞ்சை எடுத்தார்கள். அதன் பிறகு தினம் மூன்று வேளை உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வாங்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் கீழே கடையில் என்ன நடக்கிறது என்று படிக்கட்டு வழியாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். மூன்றாம் நாள் நல்ல தீனி கிடைத்தது. டாக்ஸி டிரைவரின் மனைவி சட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள். அந்த மனுஷன் சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். எனக்குத் தெரியும், விடவில்லை. நான் பேசாமல் நீல நூலைக் கட்டி அனுப்பிவிடுவேன்.

"ஐயய்யோ! இதென்ன இப்படி சிகரெட் நாத்தம்! பத்து பாக்கெட்டாவது இருக்கும்!" என்றாள் என் நாத்தனார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

அன்று சாயங்காலம் டிரைவர் பக்கவாட்டு ஜன்னலில் வந்து, "அண்ணே, அக்கா எப்பண்ணே கீழ வருவாங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் மூக்கில் ரத்தம் கசிந்துவிட்டது.

ஏழாம் நாள் டாக்டர் உள்ளே ஒட்டியிருந்த பொருக்கெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தார். மூச்சு ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல வந்தது. பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சை என் மூக்கின் கீழே நீட்டினார்.

"ஏதாவது தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. குளிர்ச்சி மட்டும் தெரிந்தது.

"வீக்கம் வடியட்டும். பாக்கலாம்" என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அழுதேன். அழுதால் மூக்கு ஒழுகுகிறது. ஒழுகினால் சிந்தக் கூடாது. நிம்மதியாக ஒரு அழுகை அழக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்கள். வீட்டுக்காரர் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

மறுநாள் மேலே இருக்கப் பிடிக்காமல் கீழே வந்து, பக்கவாட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதுகு நேராக, தலை நிமிர்ந்து, ராணி மாதிரி. இந்தப் பக்கம் நான் வந்தே இரண்டு வருஷம் இருக்கும். இஸ்திரி ஆவி பட்டால் தலைவலி என்று திரையைத் தாண்டுவதே இல்லை. எதிரே, துவைத்துத் தேய்த்து யாரும் வாங்க வராத துணிகள் தொங்கின. துணி கைமாறும்போதுதான் நூலை எடுப்பது வழக்கம் என்பதால் எல்லாவற்றிலும் நூல் இருந்தது.

முதலில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு கண்ணில் பட்டது. ஆபரேஷனுக்கு நாலு மாசம் முன்னால் வாங்கியது. அந்த ஆள் விருந்துக்குப் போய்வந்ததாகச் சொன்னதால் நான் மஞ்சள் நூல் கட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அதில் தொங்கியது நீலம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். முடிச்சுக்குக் காது இல்லை. மெத்தைக் கயிற்று முடிச்சு. பக்கத்தில் ஒரு பாவாடை, சிவப்பு, காது இல்லை. ஒரு சமையல்காரரின் மேலங்கி. அதில் மட்டும் இரண்டு காது. அதை நான் சரியாகக் கட்டியிருக்கிறேன் போல. மொத்தம் பதினான்கு துணி. ஒன்பதில் காது இல்லை. எல்லாம் நான் மேஜையில் இருந்தபோது வந்தவை.

கோபம் வந்தது. வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடப் போயிருந்தார். முன்வாசலில் இருந்த நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"இது யாரு கட்டினது?"

"எது அண்ணி?"

"நடிக்காத. இது உங்கண்ணன் முடிச்சு."

அவள் திரையைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிருக்கு அண்ணி. ரெண்டு வருஷமா அதுதான் எல்லாத்தையும் மறுபடி மோந்து பாத்து மாத்திக் கட்டுது."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அலமாரிக்குப் பின்னாடி எலி செத்துக் கிடந்துச்சாம், மூணு நாளு. அண்ணன் வாந்தி எடுக்காத குறை. நீங்க அதுக்குப் பக்கத்துலயே தட்டைப் போட்டு, ரசிச்சு ரசிச்சு சாப்பிட்டீங்களாம்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"ஏன் எங்கிட்ட கேக்கலையாம்?"

"நானும் கேட்டேன். 'அவ அந்த மேஜைல நிக்கிற நிலை இருக்கே, அதை நான் கெடுக்க மாட்டேன். அவளா சொன்னா சொல்லட்டும்'னு சொல்லிச்சு. எங்கண்ணன் இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல."

வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தெருவை ஏமாற்றுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஏமாந்தது நான் ஒருத்திதான். வெட்கம் கொஞ்சம் தணிந்ததும் வேறு ஒன்று வந்தது. அந்த மனுஷன் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது, கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு வந்ததில்லை. இவளோ என் குட்டு தெரிந்தும் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாயத் திறந்து அழுங்க அண்ணி" என்றாள்.

பதினாறாம் நாள் காலை. உப்புத் தண்ணீர் விட்டு முடித்து நிமிர்ந்தேன். துண்டை நீட்டிக்கொண்டு வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார்.

நாறியது. வினிகர், வியர்வை, சூட்டில் கருகிய பருத்தி, எல்லாம் சேர்ந்து ஒரே வீச்சாக மூக்குக்குள் ஏறியது. பதினெட்டு வருஷம் என் பக்கத்தில் படுத்த நாற்றம். குழாயைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்களேன் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"என்ன பண்ணுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல. தண்ணி தொண்டைக்குள்ள போயிடுச்சு."

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இரண்டு வருஷம் என்னிடம் மறைத்தாரே, எனக்கு ஒரு மாசமாவது பாக்கி இருக்கிறது.

மூன்றாவது வாரம் மேஜைக்கு வந்தேன். ஊருக்குக் கிளம்பிய நாத்தனார், ஜன்னலோரம் அண்ணன் காதில் வெகு நேரம் ஏதோ ஓதிவிட்டுப் போனாள். அன்றைக்கு முதலில் வந்தது டாக்ஸி டிரைவரின் சட்டை. கண்ணை மூடி இழுத்தேன். சிகரெட், அதை மறைக்கப் புதினா மிட்டாய், அதையும் மறைக்க சென்ட். ஆஹா! எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதைக் கொண்டுவந்த அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பொத்தான் துளையில் மஞ்சள் நூலைக் கட்டினேன். வேண்டுமென்றேதான். பிறகு திரையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் இடம் பார்த்தார், வலம் பார்த்தார். சட்டையை மூக்கருகே கொண்டுபோய், என்னைப் போலவே கண்ணை மூடி ஓர் இழு. முகம் சுளித்தது. மஞ்சளை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நீலத்தை எடுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து கடைசியில் தும்மலாக முடிந்தது. வாயைத் திறந்துதான் தும்மினேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு துணிக்குத் தப்பான நூல் கட்டுகிறேன். ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் போனால் மனசாட்சி உறுத்துகிறது.

நேற்று அவர் நூல் கட்டி முடிக்க வழக்கத்தைவிட வெகு நேரம் எடுத்தது. விரலை நீட்டுகிறார், மடக்குகிறார், நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவர் மாடிக்குப் போனதும் உள்ளே போய்ப் பார்த்தேன். நீல நூல். அதில் இரண்டு காது. ஒன்று எலிக்காது, ஒன்று யானைக்காது. முடிச்சு காட்டிக்கொடுத்துவிட்டது என்று நாத்தனார் ஓதியிருக்கிறாள். மனுஷன் நான் கட்டுகிற மாதிரியே கட்டிப் பழகுகிறார், இனியாவது நான் கண்டுபிடிக்காமல் இருக்க.

அந்தக் காதுகளை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். இன்று காலை வந்த முதல் சட்டைக்கும், கொஞ்சமும் கூசாமல், தப்பான நூலையே கட்டினேன்.