கரண்டிவாயனும் கடைசி வரியும்

ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்ட மனுஷருக்கு ஒரு பறவையை ஒழுங்காகப் பார்க்கத் துப்பில்லை என்று பேர் வந்தால் எப்படி இருக்கும்? கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தப் பேர்தான் வந்திருந்தது. அதை அவரே தேடிக்கொண்டார், யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. போன மாதக் கணக்கெடுப்பில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் ஏரிக்கரையில் கூடிப் பறவைகளை எண்ணுவார்கள். மருந்துக்கடை அக்கா நோட்டில் எழுதுவார். சீட்டு இல்லாமல் இருமல் மருந்துகூடத் தராத அக்கா, ஆதாரம் இல்லாமல் பறவையையும் ஏற்க மாட்டார். போன மாதம் கண்ணாடிக்கடைக்காரர் பைனாகுலரை இறக்கிவிட்டு, எதிர்க்கரைச் சேற்றில் கரண்டிவாயன் நிற்கிறது என்று அறிவித்தார். வெள்ளையாக, நெட்டையாக, வாயில் கரண்டியைக் கவ்வியதுபோல் தட்டை அலகோடு இருக்கும் பறவை அது. அந்த ஏரியில் பதினோரு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் வாங்கிப் பார்த்தபோது வெள்ளையாக என்னமோ தெரிந்தது, அவ்வளவுதான்.

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"நாப்பது நிமிஷம். அசையவே இல்லக்கா. தூங்குது."

அக்கா 'கரண்டிவாயன் – 1' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அடுத்த கணக்கெடுப்பில் உறுதியாகவில்லை என்றால் அடித்துவிடுவேன் என்றும் சொன்னார். கூட வந்த தபால்காரர் அன்றைக்கே இவருக்குக் 'கேள்விக்குறி' என்று பட்டம் கட்டிவிட்டார். பத்து வருஷமாகக் கண்ணாடிக்கடைக்காரர் இந்தக் கூட்டத்தோடு கரையில் நடக்கிறார். ஒரு பறவையைக்கூட இவர்தான் முதலில் பார்த்தார் என்று அந்த நோட்டில் வந்ததில்லை. அந்த ஒரு வரி அவருக்கு வேண்டும். சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரியும். தெரிந்தும் வேண்டும்.

ஆகவே ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவதென்று முடிவு செய்தார். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தூரநோக்கி அது. பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கினால் ஸ்கோப் அறுபது மடங்குவரை ஆக்கும். நல்லதாக வாங்க வேண்டுமென்றால் கடையை விற்க வேண்டும். சோபாவுக்கு உறை மாற்ற எடுத்துவைத்த பணத்தில் வாங்க வேண்டுமென்றால் மூளையை உபயோகிக்க வேண்டும். மூளை தன்னிடம் நிறையவே இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம்.

மூன்று வாரம் நோட்டுப் போட்டு ஆராய்ந்தார். கடைக்கு வருகிறவர்கள் "கொஞ்சம் பவர் கூட்டியே போட்டுடுங்களேன்" என்று கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். பவர் கூடினால் பார்வை கூடாது என்று கால் மணி நேரம் பாடம் எடுப்பார். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, எந்த ஸ்கோப்பில் அதிக மடங்கு என்று பட்டியல் போடுவார். அறுபதுக்கு மேல் எழுபத்தைந்து இருப்பதாகத் தெரிந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. விலை மலிந்த ஸ்கோப்பில் மடங்கு ஏற ஏற இருட்டிக்கொண்டு வரும் என்று நாலு பேர் எழுதியிருந்ததையும் படித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டினார்.

கேமரா கடையில் அவர் பணத்துக்கு இரண்டு இருந்தன. ஒன்று சிறியது, நாற்பத்தைந்து மடங்கு. இன்னொன்று பெரியது, எழுபத்தைந்து. கடைக்காரப் பெண் சிறியதை முன்னால் தள்ளினார்.

"சார், நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. இதுல கண்ணாடியோட பார்த்தாலே முழுசா தெரியும். பெரிசுல கண்ணைக் கிட்டக் கொண்டு போனாத்தான் தெரியும், கண்ணாடி இடிக்கும்."

"ஏம்மா, இருபத்திரண்டு வருஷமா நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

"அப்ப உங்களுக்கே தெரியும் சார். கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தாலும் பரவாயில்ல. ஆனா உங்களுக்குச் சிலிண்டர் பவர் இருந்தா தெளிவா வராது."

கருவிழி வளைவு கோணினவர்களுக்குப் போடும் அந்தச் சிலிண்டர் பவர் அவருக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. அதை ஒரு கேமரா கடையில் சொல்வானேன்? அவர் அக்குளில் சுருட்டி வைத்திருந்ததை விரித்தார். கண் சோதிக்கத் தன் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை. எதிர்ச்சாரியில் இருந்த வங்கியின் சுவரில் அதை ஒட்டிவிட்டு வந்து, பெரிய ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மடமடவென்று வாசித்தார். ஓர் எழுத்து தப்பவில்லை. கடைக்காரப் பெண்ணே அசந்துபோனார்.

"பார்த்தியாம்மா? இதையே கட்டிடு."

மீதிப் பணத்தில் ஒரு முக்காலியும் வாங்கினார். மீதி எவ்வளவோ முக்காலியும் அவ்வளவு.

மாதக் கடைசி ஞாயிறு கணக்கெடுப்புக்கு மனைவியும் கூட வந்தாள். பேருந்து நிலையத்தில் வண்டி வருகிற நேரம் குறிப்பது அவள் வேலை. வண்டி முனை திரும்பும்போதே தடம் எண்ணைச் சொல்லிவிடுவாள். பறவைகளைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. சோபா உறையை விழுங்கிய சாமான் என்னதான் காட்டுகிறது என்று பார்க்க வந்தாள். முக்காலியையும் அவள்தான் தூக்கி வந்தாள்.

எதிர்க்கரையில் அதே இடத்தில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. மனைவியிடமிருந்து முக்காலியை வாங்கி அவசரமாக விரித்தார். ஒரு மாதமாகவா ஒரே இடத்தில் நிற்கும் என்ற கேள்வி எட்டிப் பார்த்தது. இடம் பிடித்துப் போயிருக்கும் என்று அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். அக்காவும் மற்றவர்களும் மதகுப் பக்கம் வாத்து எண்ணப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சரிசெய்து வைத்துவிடலாம் என்று கண்ணை வைத்தார்.

சாவித்துவாரம் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் சாம்பல் புகை. முக்காலி காற்றில் ஆட, புகையும் ஆடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். புகை பெரிதாயிற்று. மடங்கைக் குறைத்தார், கூட்டினார், துடைத்தார். கடையில் கடைசி வரிவரை வாசித்தேனே என்று நினைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கடைசி வரியை இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். எழுதப்படிக்கத் தெரியாத அவர் கடைப் பூனைகூட இந்நேரம் சொல்லும். அன்றைக்கு அவர் வாசிக்கவே இல்லை, ஒப்பித்திருக்கிறார். அட மடையா என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினார்.

"நகருங்க, நான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

அவளுக்குக் கண்ணாடி கிடையாது. மடங்கைக் குறைத்து, முக்காலியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

"நாற்காலி."

"என்னது?"

"பிளாஸ்டிக் நாற்காலி. ரெண்டு கால் சேத்துல புதைஞ்சிருக்கு. ஒரு கை உடைஞ்சு முன்னால நீட்டிக்கிட்டிருக்கு."

"நல்லாப் பாரு. வெயில் கூசும்."

"நாற்காலிதாங்க."

"தலையைத் திருப்பிக்கிட்டுத் தூங்குதோ என்னமோ. அலகு தட்டையா இருக்கும், கவனிச்சியா?"

அவள் நிமிர்ந்தாள். "மூணு தடவை சொல்லிட்டேன். அந்தக்கா ஒரு கேள்விக்குறி போட்டாங்கன்னு ஒரு மாசமா சரியா சாப்பிடல நீங்க. இப்ப என் மூஞ்சிக்கு நேரா நீங்க மூணு போட்டுட்டீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பறவை போனதற்காக இல்லை, அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததற்காக.

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்கா ஸ்கோப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் குனிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் இடிக்குது." அக்கா நோட்டைத் திறந்தார். "கண்ணாடிக்கடைக்காரர் ஸ்கோப் வச்சுப் பார்த்துச் சொன்னா, அதுக்கு மேல என்ன ஆதாரம் கேக்கறது. பார்த்தேன்னு சொல்லுங்க, கேள்விக்குறியை எடுத்துடறேன்."

பத்து வருஷமாக அவர் ஆசைப்பட்ட வரி, அக்காவின் பேனா முனையில் நின்றது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். சேற்றுக்குள் போய் யார் பார்க்கப் போகிறார்கள்? மனைவி காட்டிக்கொடுக்க மாட்டாள். அவள் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிக்கா" என்றார்.

"எது நாற்காலி?"

"அதுதான். போன மாசம் நான் நாப்பது நிமிஷம் பார்த்தது. கரண்டி மாதிரி இருக்கறது உடைஞ்ச கை."

தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ஸ்கோப்புல நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியல. தப்பா வாங்கிட்டேன். என் வீட்டுக்காரி பார்த்தா."

"அவங்க சரியாப் பார்த்தாங்களா?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அக்கா கரண்டிவாயனை ஒரே கோட்டில் அடித்தார். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே எழுதினார்: 'பிளாஸ்டிக் நாற்காலி – 1. முதலில் பார்த்தவர்: கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி.' இவர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் கேள்விக்குறி இல்லை. வந்த முதல் நாளே அந்த வரியை வாங்கிவிட்டாளே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

"அதுக்கு இந்தப் பக்கம் குட்டியா நாலு பறவை ஓடுது, அதையும் எழுதணுமா?" என்று மறுபடி ஸ்கோப்பில் குனிந்திருந்த மனைவி கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

அவர் அக்காவிடம் நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். முக்காலி ஆடாமல் இருக்க அதன் காலைத் தன் காலால் மிதித்துக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.