சத்தமாச் சொல்லும்மா

மற்றவர்கள் சாப்பிட எழுந்து போன பிறகும் லெட்டர் அக்கா கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியிலிருந்த அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே வேலைதான். வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கு மெயில் போட வேண்டும். காசு கொடுத்து, அவர்கள் எழுத்துக்கு நடுவே ஏதாவதொரு கம்பெனியின் இணையதளத்துக்கு லிங்க் வைக்கச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தது மட்டும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் இணையத் தேடலில் கம்பெனியை முன்னால் கொண்டுவர அந்த லிங்க் உதவாது.

மற்றவர்கள் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். சமையல் பதிவு எழுதும் ஒரு மீசைக்காரருக்கு 'அன்புத் தோழி' என்று போய், அவர் வண்டி வண்டியாகத் திட்டி அனுப்பிய கதையெல்லாம் உண்டு. அக்கா அப்படியில்லை. படித்துவிட்டுத்தான் எழுதுவாள். 'உங்கள் பதிவுகளை விடாமல் படிப்பவள்' என்று அவள் தொடங்கினால் அது பொய்யில்லை. அவள் கடிதத்துக்குப் பதில் வராமல் போனது அபூர்வம். அதனால் வந்த பெயர்தான் லெட்டர் அக்கா. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

இந்த முறை ஒரு லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளிக் காது மந்தமானவர். காது மிஷின்களை வாங்கிப் போட்டுப் பார்த்து, எது உழைக்கும், எது பல்லிளிக்கும் என்று எழுதுவார். காது கேளாதவர்கள் அவர் சொன்னால் நம்பி வாங்குவார்கள். காது மிஷின் பேட்டரி விற்கும் ஒரு கம்பெனிக்கு அந்தப் பக்கத்தின் மேல் கண். அவரும் பேட்டரியைப் போட்டுப் பார்த்து, நல்ல சரக்குதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். இடது காது மிஷின் பழுதாகிக் கிடக்கிறது, லிங்க் வைக்கத் தரும் காசில் புதிது வாங்கிவிடுவேன் என்றும் எழுதியிருந்தார்.

அக்காவுக்கும் இது பெரிய காரியம். பட்டறையை மூடியதிலிருந்து வீட்டுக்காரர் வருமானமில்லாமல் வீட்டில்தான். இந்த லிங்க் விழுந்தால் அவள் வேலை நிரந்தரம் என்று டார்கெட் சார் வாக்குக் கொடுத்திருந்தார். மேலாளருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவர் வாயைத் திறந்தாலே அந்த வார்த்தைதான் விழும்.

காலையிலேயே பதிவு வந்துவிட்டது. லிங்க்கும் இருந்தது. கூடவே ஒரு வரியும் இருந்தது: 'இந்த லிங்க்கை வைக்கக் காசு வாங்குகிறேன்.'

"என்னம்மா இது, தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாரு?" டார்கெட் சார் பின்னால் வந்து நின்றார். "அந்த வரிய எடுக்கச் சொல்லு."

"மெயில் போட்டேன் சார். பதிலே இல்ல."

"அப்ப போன் பண்ணு. சாயங்காலத்துக்குள்ள கம்பெனிக்குக் காட்டணும்."

"சார், அவருக்குக் காது..."

"பண்ணும்மா."

அந்த அலுவலகத்தில் யாருக்கும் போனில் பேசிப் பழக்கமில்லை. எல்லாம் மெயிலில் ஓசைப்படாமல் முடியும். சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அக்காவை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"யாரு?" என்ற குரல் காதைப் பிளந்தது. அவள் போனைத் தள்ளிப் பிடித்தாள்.

"அண்ணே, உங்களுக்கு மெயில் எழுதினேனே..."

"கேக்கலை! சத்தமாச் சொல்லும்மா!"

"மெயில் எழுதினேனே, அந்தப் பொண்ணு!"

"அடடே, நீயா! பதிவைப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. அதுல ஒரு வரி..."

"என்னது?"

டார்கெட் சார் கையால் அழித்துக் காட்டினார்.

"காசு வாங்குறத எழுத வேணாம்னு..." குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஒண்ணும் விழலை! சத்தமா!"

தட்டச்சுச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. எத்தனையோ பேருக்கு மெயிலில் எழுதிய வார்த்தைதான். விரல் ஒருநாளும் கூசியதில்லை. இத்தனை பேர் நடுவில் அதைக் கத்திச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா!"

அக்கா எழுந்து நின்றாள்.

"அண்ணே! அந்த வரி அப்படியே இருக்கட்டும்! எடுக்காதீங்க!"

"அதான நியாயம்! என்னை நம்பிப் படிக்கிறாங்கல்ல!"

"ஆனா அது இருந்தா காசு தர மாட்டாங்கண்ணே!"

"தர மாட்டாங்களா?"

"மாட்டாங்க!"

மறுமுனையில் பெரிய சிரிப்பு கேட்டது. "போகட்டும் விடு தங்கச்சி! வலது காதை வச்சே ஓட்டிக்கிறேன்!"

டார்கெட் சார் கத்தவில்லை. "நாளையிலருந்து வர வேணாம்," என்றார். "எழுதின லெட்டரெல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். அது ஆபீஸ் சொத்து."

அக்கா டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பெண் தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரையில் 'உங்கள் பதிவுகளை விடாமல் படிப்பவள்' என்று ஓடியது.

தலை குனியாமல் படியிறங்கினாள். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். இதையும் கத்தியே சொல்லிவிடலாம் என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தன்னைத் தானே இவ்வளவு பிடித்துப்போனது இன்றைக்குத்தான்.

டயர் கடை வாசலில் நின்று போனைத் திறந்தாள். மெக்கானிக் அதற்குள் வரியை மாற்றியிருந்தார். 'இந்த லிங்க்குக்குக் காசு தருவதாகச் சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டேன், அதனால் தரவில்லை. பேட்டரி நல்ல பேட்டரிதான். வாங்கலாம்.'

அதற்கு மேலே நீல எழுத்தில் லிங்க் அப்படியே இருந்தது, கம்பெனிக்கு இப்போது ஓசியில். தொட்டாள். கம்பெனியின் கடை பளிச்சென்று திறந்து, வருக வருக என்றது.