பதினெட்டாவது கிலோமீட்டரில் கேட்காத குரல்

ஹல்வாருக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயப் பாதையின் ஓரத்தில் நிற்க வேண்டும். மனைவி தோரூன் சறுக்கிக்கொண்டு வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான சாற்றுப் பாட்டிலை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

"ஞாபகம் வெச்சுக்கோ, கத்தணும்," என்று காலையிலேயே தோரூன் சொல்லியிருந்தாள். "முன்னாடி போறவங்க சறுக்குக் கட்டையத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா கையத் தூக்கிட்டு நின்னா, மரம்னு நெனச்சுப் போயிடுவேன்."

போன வருடம் குளிரில் தாகமே தெரியவில்லை என்று குடிக்காமல் போனாள். நாற்பதாவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ள, வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியில் தரும் தித்திப்புப் பானம் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. புளூபெர்ரிச் சாற்றில் தேனும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அவளே காய்ச்சியதுதான் இறங்கும். நாற்பதாவது கிலோமீட்டரில் ஒன்றரை மணிக்குப் பாதையின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் அதைத் தாண்டினால்தான் ஐம்பத்துநான்கையும் முடிக்க விடுவார்கள். அறுபத்தொரு வயதில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஹல்வாரின் ஆசையும் அதுதான். ஆனால் முப்பது வருடமாகத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியும் மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதியும் பழகிய மனிதர். வீட்டில்கூட அவர் குரல் உயர்ந்ததில்லை.

பதினெட்டாவது கிலோமீட்டரில் பாட்டில் கொடுப்பவர்கள் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். ஆளாளுக்குத் தங்கள் ஆளைக் கூப்பிட்டு அலறினார்கள். தோரூன் ஒரு கூட்டத்தின் நடுவில் வந்தாள். ஹல்வார் பாட்டிலை நீட்டினார், வாயைத் திறந்தார். அவள் தலை நிமிராமல் அவரைக் கடந்து போய்விட்டாள்.

பக்கத்தில் நின்ற கூன்வோர் திரும்பிப் பார்த்தாள். தன் தம்பிக்குப் பாட்டில் கொடுக்க வந்தவள். அவள் குரலுக்கு மரத்துப் பனியே உதிரும்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேனே."

"ஆண்டவருக்குத்தான் கேட்டிருக்கும்!"

"அவருக்குக் கேட்டாப் போதாதா?"

"அவருக்குப் போதும். உங்க வீட்டம்மா தொண்டைக்குப் போதாது. வாங்க, என் வண்டியில ஏறுங்க. முப்பத்துமூணுல பிடிச்சிடலாம்."

வண்டியில் ஹல்வார் கோட்டுக்குள் கொடுக்காத பாட்டிலையும் அடுத்த இடத்துக்கென்று வைத்திருந்த இன்னொன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கம்பளிக் காலுறைக்குள் அவை இன்னும் சூடாகவே இருந்தன. அந்தச் சூடு அவருக்கு உறுத்தியது. அவள் குடித்திருக்க வேண்டியது. 'ஆண்டவரே, எனக்காக வேண்டாம், அவளுக்காக ஒரு தடவை' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

முப்பத்துமூன்றில் ஓர் இறக்கம் முடிந்து பாதை சமமாகிறது. அங்கேதான் வேகம் குறையும், பாட்டில் வாங்க வசதி. கூன்வோரின் தம்பி வந்தான், குடித்தான், போனான். அவனுக்குப் பின்னால் வந்த ஒருவர் வாங்கிய பாட்டிலைக் கை நழுவ விட்டார். அது உருண்டு, தடத்தின் பள்ளத்துக்குள் போய் நின்றுகொண்டது. அதே தடத்தில், மேலிருந்து ஒரு பெண் காற்றாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"பாட்டில்! தடத்துல பாட்டில் கிடக்கு! வலது பக்கம் மாறும்மா!"

அந்தப் பெண் சட்டென்று வலது தடத்துக்குத் தாவி, கோலைத் தூக்கி நன்றி சொல்லிப் போய்விட்டாள். அங்கிருந்த எல்லோரும் திரும்பி ஹல்வாரைப் பார்த்தார்கள். கத்தியது தான்தான் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அந்தப் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அடேங்கப்பா!" என்றாள் கூன்வோர். "இத்தனை நாள் இதை எங்க பூட்டி வெச்சிருந்தீங்க?"

"அந்தப் பொண்ணு விழுந்திருப்பாளே..."

"உங்க பொண்டாட்டி மட்டும் விழலாமா?"

அதற்குள் இறக்கத்தின் உச்சியில் தோரூன் தெரிந்தாள். உதடு வெளுத்து, கோல்கள் திசைக்கொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தோரூன்! தோரூன்! இங்க பாரு! இடது பக்கம்! நான்தான்!"

அவள் நிமிர்ந்தாள். கனமான பூட்ஸோடு ஹல்வார் அவளோடு கூடவே ஓடினார். இரண்டு தடவை வழுக்கினார். அவள் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள். தாடையில் ஊதாக் கோடு வழிந்தது.

"மெதுவா, மெதுவா குடி."

"பதினெட்டுல எங்கய்யா போய்த் தொலைஞ்சே?"

"அங்கதான் நின்னேன். கூப்பிட்டேன்."

"பொய் சொல்லாதே!"

"நிஜமா. மெல்லக் கூப்பிட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. மற்ற பாட்டிலை அவள் இடுப்புப் பட்டையில் தலைகீழாகச் செருகினார். அப்படி வைத்தால்தான் வாய்ப்பக்கம் உறையாது. "பாதி வழியில இதையும் குடி. தாகம் எடுக்கலைன்னாலும் குடி!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

நாற்பதாவது கிலோமீட்டரில் கயிற்றோடு ஓர் ஆள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். ஒன்று இருபத்தேழுக்கு வளைவில் தோரூனின் தலை தெரிந்தது. ஹல்வார் கூப்பிட்டார். கூன்வோரும் சேர்ந்துகொண்டாள். யாரென்றே தெரியாமல் பத்துப் பதினைந்து பேர் "தோரூன்! தோரூன்!" என்றார்கள். கால் நேராக விழ, கோல் ஒன்றாக ஊன்ற, அவள் கயிற்றுக்காரனைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் காலிப் பாட்டிலை ஹல்வாரின் காலடியில் எறிந்தாள்.

"சொட்டு மிச்சமில்லை, பாத்துக்கோ!"

ஹல்வார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அதை மட்டும் மெதுவாகவே சொன்னார்.

"வாங்க, முடிவுக் கோட்டுக்குப் போகலாம்," என்று கூன்வோர் வண்டிச் சாவியை ஆட்டினாள்.

"கயிறு கட்ட இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே."

வளைவில் இன்னும் மூன்று பேர் தள்ளாடி வந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட அவர்களுக்கு அங்கே யாரும் இல்லை. மார்பில் எண்ணுக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது. ஹல்வார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரைப் படித்து, காடு அதிரக் கூப்பிட்டார்.